பனிமூட்டப் படத்தின் எடை

போன மாதம் ஹட்டன் டவுனுக்கு மருந்து வாங்கப் போனபோது, இருபத்து மூன்று வருஷம் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவை எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் இப்போது அங்கே படம் எடுப்பவர்கள். ரோ ஃபைல் என்றால் கேமரா கண்டதைக் கண்டபடி வைத்திருப்பது, அதில் சுருக்கம் ஒன்றும் கிடையாது என்றார் ஒருவர். அதெல்லாம் சுருக்கித்தான் வைக்கிறது என்றார் மற்றவர். என்னைக் கண்டதும், "பவானி அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

"அது கேமராவப் பொறுத்தது" என்றேன். இரண்டு பேருக்குமே அந்தப் பதில் பிடிக்கவில்லை. விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் வட்டவளை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. இதே கேள்விக்கு ஒரு முறை அரசாங்க அதிகாரி முன்னால் தப்பான பதில் சொன்னவள் நான். அந்தத் தப்பு ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தவர்களையே மண்ணுக்குள் போட்டிருக்கும். அதை முழுசாகச் சொன்னால்தான் நான் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியும்.

நான் ஸ்டுடியோவில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்பா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. ஓ.எல். பரீட்சை முடித்த எனக்குத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிய மனசில்லை. ஸ்டுடியோவில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். நெகட்டிவ்வின் மேல் கூர்ப் பென்சிலால் முகத்துத் தழும்பை மறைப்பது, டார்க் ரூமில் சிவப்பு பல்பின் கீழே தாளை மருந்தில் ஆட்டுவது, அடையாள அட்டைப் படத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் போவது என்று முதல் சில வருஷங்கள் ஓடிப்போயின. நான் பழகியதெல்லாம் அங்கேதான். பிறகு என் கையிலும் கேமரா வந்தது.

ஸ்டுடியோ நாதன் மாஸ்டருடையது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கணக்கு வாத்தியாராக வந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்டுடியோ போட்டார். ஸ்டுடியோவிலும் வாத்தியாராகவே இருந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். யாரையும் திட்டமாட்டார். படத்தில் பிழை இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் மேல் வைத்துவிட்டு, "இன்னொருக்காப் பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிழை என்ன என்று சொல்லமாட்டார். அதை நானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் காலையில் வைத்த கண்ணாடி மத்தியானம் வரை அங்கேயே இருக்கும். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தால் எனக்கும் ஒரு கப் கண்ணாடி பக்கத்தில் வைப்பார். அப்போதும் வாய் திறக்கமாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைக்குக் கம்ப்யூட்டரும் டிஜிட்டல் கேமராவும் வந்தன. டார்க் ரூமில் பழைய ஃபைல்களை அடுக்கினோம். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. மருந்து நாற்றத்தில் எனக்கு எப்போதும் தலைவலிதான்.

அந்தக் காலத்தில் ஒரு ஐயா, செத்துப்போன மனைவியின் ஒரே படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொடுத்தார். அதை ஸ்கேன் பண்ணிக் கீறல்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கொஞ்சம் செய்வேன், சேவ் பண்ணுவேன், மூடுவேன். வேறு வேலை வரும். திரும்பத் திறப்பேன். மூன்று நாள் இப்படி. முடித்துப் பார்த்தால் அந்த அம்மாவின் கன்னம் சின்னச் சின்னக் கட்டங்களாகிக் கிடந்தது. மாஸ்டர் திரையைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் கண்ணாடியைத் தேடவில்லை.

"எத்தினை தரம் சேவ் பண்ணினனீர்?"

"ஞாபகம் இல்ல மாஸ்டர். நாப்பது அம்பது தடவ இருக்கும்."

"ஒவ்வொரு தரமும் ஜேபெக் கொஞ்சத்தை எறிஞ்சு போட்டுத்தான் வைக்கும். எறிஞ்சது திரும்பி வராது. அசல் ஸ்கேன் இருக்குதோ?"

நல்ல வேளை, இருந்தது. முதலிலிருந்து மறுபடி செய்தேன். அந்த வாரம்தான் மாஸ்டர் சொன்னார்: "இனி முக்கியமான படங்களை ரோவிலை எடும். ரோ எண்டால் பச்சை. கமரா கண்டதை அப்பிடியே வைக்கும். அமத்தல், சுருக்கல் ஒண்டும் இல்லை."

மாஸ்டர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது என் பழக்கம். அப்படியே மனதில் பதித்துக்கொண்டேன்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லெட்சுமி அக்கா. தாய்மார் கொழுந்து எடுக்கப் போயிருக்கும்போது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அடையாள அட்டைப் படம் எடுக்கப் போன காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். ஒரு நாள் பிள்ளைக்காம்பராவை மத்தியானமே பூட்டிவிட்டு ஹட்டனுக்கு வந்துவிட்டார்.

"பவானி, எங்க லயத்துக்கு மேல மண்ணு பொளந்து கெடக்குது. மலைக்குக் குறுக்கால நீளமா ஓடுது. துரைக்கிட்ட சொன்னா, பழைய வெடிப்பு, நீங்க மரக்கறி போடத் தோண்டுனதுதான்னு சொல்றாரு. ஆனா அது பெருசாகிட்டே வருதும்மா. நீ வந்து போட்டோ புடிச்சிக் குடு. வாரா வாரம் புடிச்சா தெரியும்ல."

மாஸ்டரிடம் கேட்டேன். "ஞாயிறிலை போம். எப்பிடி எடுக்கப்போறீர் எண்டதை முதல்லை யோசியும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதே போதும். இரண்டு நாள் யோசித்தேன்.

பிளவுக்குக் கீழே ட்ரைபோடின் மூன்று கால்களுக்கும் மூன்று தட்டைக் கற்களைப் பாதி புதைத்தோம். தூரம் மாறாமலிருக்க, லென்ஸ் முனையிலிருந்து எதிரே இருந்த பாறைக்கு ஒரு நூலைக் கட்டி, அந்த நூலையே ஒவ்வொரு வாரமும் கொண்டுபோனேன். பிளவின் குறுக்கே கடையிலிருந்த இரும்பு அடிமட்டம். பக்கத்தில் பிள்ளைக்காம்பராச் சிலேட்டில் சோக்கால் எழுதிய திகதி. ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் இரண்டு வாரம் மாஸ்டரின் சொந்தக் கேமராவில் எடுத்தேன். அதில் பழுது வந்து கொழும்புக்குப் போனதால், அடுத்த நாலு வாரம் கடைக்குப் புதிதாக வந்த வேறொரு கேமரா. எல்லாமே ரோ.

முதல் வாரம் பிளவு அடிமட்டத்தில் மூன்று சென்டிமீட்டர். ஆறாவது வாரம் ஏழு.

லெட்சுமி அக்காவும் லயத்து ஆட்களும் மனு எழுதிப்போட்டார்கள். நுவரெலியாவில் ஒரு அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் மண் சம்பந்தமான வேலை பார்க்கும் ஒரு சிங்கள அதிகாரி. எங்களை உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார். தோட்டத்து மேனேஜரான துரை வந்திருந்தார். அவர் பக்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்திருந்தார். லெட்சுமி அக்காவுக்குச் சிங்களம் அரைகுறை. எனக்கு நன்றாக வரும். அதனால் நான்தான் பேசினேன்.

ஆறு படங்களையும் காட்டினேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது கொழும்புக்காரர் அமைதியாகக் கேட்டார்.

"இந்த ஃபைல்களில் ஏதாவது சுருக்கம் உண்டா?"

"இல்லை" என்றேன். "இது ரோ. கேமரா கண்டது அப்படியே இருக்கும். சுருக்கமே கிடையாது."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். கொழும்புக்காரர் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, படங்களின் அளவு தெரியும்படி வைத்தார். ஒரே கேமராவில் எடுத்ததாக நான் சொன்ன நாலு படங்களும் நாலு அளவில் இருந்தன. ஒன்று ஐந்தரை எம்பி. இன்னொன்று ஏழுக்குக் கிட்ட.

"சுருக்கம் இல்லையென்றால் ஒரே கேமராப் படம் எல்லாம் ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? குறைந்தது எங்கே போனது? ஒன்று இவர் படத்தில் கை வைத்திருக்கிறார். இல்லையென்றால் இவருக்குத் தன் கேமராவைப் பற்றியே தெரியாது."

பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள், அந்த அளவுகளை அவ்வளவு காலம் பார்த்தும் ஏன் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் இதே நாள் விளக்கத்தோடு வாருங்கள். விளக்கம் இல்லையென்றால் இந்தப் படங்களை நான் எடுத்துக்கொள்ள முடியாது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நானுஓயா தாண்டியதும்தான் லெட்சுமி அக்கா கேட்டார்.

"போட்டோ பொய்யா பவானி?"

"பொய் இல்லக்கா."

"அப்ப ஏன் பேசாம நின்ன?"

"எனக்கே தெரியாத ஒன்னத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்க்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலவாக்கலையில் பூண்டுலோயா பஸ்ஸுக்காக இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. மாஸ்டரும் நானும் புதுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு மேலே ஏறினோம். நடந்ததைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலில் தேயிலை மலையை எடுத்தேன். இலை இலையாகத் தெரியும் வெயில் அது. பிறகு பனி ஏறும் வரை காத்திருந்து, வெறும் வெள்ளையாக நின்ற அதே மலையை எடுத்தேன். கடைசியாக லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டை எடுத்தேன்.

கடைக்கு வந்து பார்த்தால், தேயிலை மலை ஏழு எம்பிக்குக் கொஞ்சம் மேல். பனி ஐந்துக்குக் கொஞ்சம் மேல். இருட்டு அதைவிடக் குறைவு.

மாஸ்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். "ஆறு மில்லியன் புள்ளி. ஒவ்வொண்டுக்கும் பன்னிரண்டு பிட். எட்டாலை பிரிச்சால் ஒன்பது எம்பி. சுருக்காமல் வைச்சால் எல்லாப் படமும் ஒன்பது வரவேணும். ஒண்டுமே ஒன்பது வரேல்லை." பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப இது சுருக்கித்தான் வைக்குது. பிழை என்ரை. நான் சொல்லித்தான் நீர் சொன்னனீர்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை நான் கேட்டதில்லை. "பொஸ்தகத்தப் பாப்போம் மாஸ்டர்" என்றேன்.

கேமராவோடு வந்த இங்கிலீஷ் கையேடுகள் இரண்டையும் விரித்தோம். நான் ஒன்று, அவர் ஒன்று. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டோம். என் கையில் இருந்தது புதுக் கேமராவின் கையேடு. ரோ படம் சுருக்கி வைக்கப்படும், திறக்கும்போது ஒரு புள்ளியும் குறையாமல் பழையபடி விரியும் என்று அதில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது போல ஆனது. பனிப் படம் ஏன் சிறியது என்பதும் விளங்கியது. எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் சுருக்கிச் சொல்வது சுலபம். ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அவ்வளவு சுருக்க முடியாது.

மாஸ்டர் கையிலிருந்த கையேட்டிலும் சுருக்கம் என்று இருந்தது. அவர் வாசித்துவிட்டு மூடப் போனார். நான் வாங்கிப் பார்த்தேன். அதில் வசனம் வேறு. சுருக்குவதால் படத்தின் தரத்தில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்று போட்டிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன்.

"மாஸ்டர், அதுல ஒன்னும் குறையாதுன்னு இருக்கு. இதுல குறையிறது தெரியாதுன்னு இருக்கு. ரெண்டும் ஒன்னில்லயே."

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. முதல் இரண்டு வாரத்துப் படம் அவர் கேமராவில் எடுத்தது. பிளவு மூன்று சென்டிமீட்டராக இருந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி. அது போனால் மிச்ச நாலு படமும் பாதி வலுவை இழக்கும்.

"அதைச் சொல்ல வேண்டாம் பவானி" என்றார். "புதுக் கமராவைப் பற்றி மட்டும் சொல்லும். பழையதைச் சொன்னால், அவை அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு முழுசையும் தள்ளிப்போடுவினம். அங்கை சனம் இருக்குது."

"சனம் இருக்கிறதுனாலதான் மாஸ்டர். ஒரு தடவ தப்பா சொல்லிட்டேன். மறுபடி அந்த ஆளு கண்டுபிடிச்சா அப்புறம் நான் சொல்ற எதுவும் நிக்காது."

"கண்டுபிடிக்காட்டில்?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்த வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். பழைய கேமரா எதை விட்டுவிடுகிறது என்று இன்டர்நெட்டில் தேடி வாசித்தும் வைத்தேன். லெட்சுமி அக்காவின் பிள்ளைக்காம்பராவில் மதியம் வரிசையாகத் தூங்கும் பிள்ளைகள் ஞாபகம் வரும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்புறம் அந்த அதிகாரி எழுதிக்கொண்ட என் வாக்கியம் ஞாபகம் வரும். விசாரணை நாள் காலையில் பஸ் ஏறும்போதும் நான் முடிவு பண்ணியிருக்கவில்லை. மாஸ்டர் கூடவே வந்தார். கடையை அடைத்துவிட்டு அவர் வெளியூர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி கேட்டதும் எழுந்து நின்றேன். "போன வாரம் நான் சொன்னது பிழை. ரோ ஃபைலிலும் சுருக்கம் இருக்கிறது" என்றேன். கொழும்புக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சிங்களத்தில் எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துத்தான் விளக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டைக்காக நான் எழுதிய பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். முதல் ஆளுக்குத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாலகம் எல்லாம் முழுசாக எழுதி, அதற்குக் கீழே எல்லோருக்கும் 'மேற்படி' என்று போட்டிருந்தேன். "சிங்களத்தில் நீங்கள் 'எம' என்று போடுவீர்களே, அதுதான். தாள் மிச்சமாகிறது. ஆனால் யாருடைய முகவரியும் தொலைந்து போகவில்லை. கடைசி நாலு படமும் இப்படிச் சுருக்கப்பட்டவை." பனிப் படத்தையும் தேயிலை மலைப் படத்தையும் இருட்டுப் படத்தையும் அளவோடு காட்டினேன். கையேட்டின் பக்கத்தையும் காட்டினேன். கொழும்புக்காரரே வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் இரண்டு படம் அப்படியில்லை" என்றேன். "அது வேறு கேமரா. அதில் கொஞ்சம் உண்மையாகவே போய்விடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கிராமை விட்டுவிட்டுக் கிலோவை மட்டும் எழுதுவது போல."

லெட்சுமி அக்காவுக்கு அந்தச் சிங்களம் மட்டும் நன்றாக விளங்கியது. பிள்ளைக்காம்பராவுக்கு வரும் முன்னால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எத்தனை வருஷம் பார்த்தது. அவர் முகம் விழுந்துவிட்டது.

அதிகாரி கேட்டார்: "எதில் போகிறது? இடத்திலா, வெளிச்சத்திலா?"

அந்தக் கேள்விக்காக அவரை இன்றைக்கும் மறக்கமாட்டேன். "வெளிச்சத்தில். அதுவும் மிகப் பிரகாசமான இடத்தில் மட்டும். வானத்தில் இரண்டு வெள்ளைக்கு நடுவே உள்ள வித்தியாசம் போகலாம். அடிமட்டம் பாறை நிழலில் இருக்கிறது. அதன் கோடு நகராது."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து முதல் படத்தைப் பெரிதாக்கினார். மில்லிமீட்டர்க் கோடுகளை விரலால் எண்ணினார். பிறகு ஆறாவது படத்தை எடுத்து எண்ணினார். கடைசியில் துரையைப் பார்த்து, "உங்களிடம் இந்த இடத்தின் படம் ஏதாவது இருக்கிறதா?" என்றார். இல்லை என்றார் துரை. "அப்படியென்றால் வியாழக்கிழமை நான் மேலே வந்து நானே அளக்கிறேன்."

வெளியே வந்ததும் மாஸ்டர் கேட்டார்: "நீர் ஏன் அதைச் சொன்னனீர்?"

"தெரியல மாஸ்டர். எந்திரிச்சு நின்னதும் வந்துருச்சு."

அவர் மேல் பொத்தானைக் கழற்றினார். "சரி. பசிக்குது. சாப்பிடுவம்" என்றார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்து தன் டேப்பால் அளந்தார். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. அந்த வாரமே லயத்து ஆட்கள் எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னார். துரையும் மறுக்கவில்லை. சாமான் இறக்கத் தோட்டத்து லொறியை அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டமான நாட்கள். மூன்று வாரம் மழையே இல்லை. நல்ல வெயில். பள்ளிக்கூட ஹோலில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். ஒரு ஞாயிறு நான் போனபோது ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "போட்டோக்காரம்மா சொன்னதுனால நாங்க இஸ்கூல்ல கெடக்குறோம். வீடு அங்க நல்லாத்தான் நிக்குது." இரண்டு குடும்பம் மேலே திரும்பிப் போய்விட்டிருந்தது. லெட்சுமி அக்கா தினமும் போய் அவர்களிடம் கெஞ்சினார். அவர்கள் வரவில்லை என்றதும், அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக் காலையில் வாங்கிக்கொண்டவர், சாயங்காலம் மேலே கொண்டுபோய் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "புள்ள வேணும்னா கீழ வாங்க. இங்கதான் இருக்கும்." சண்டை பிடித்தார்கள். ஆனால் பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தாய் வந்துதானே ஆக வேண்டும். இரண்டு குடும்பமும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தன.

நாலாவது வாரம் மழை தொடங்கியது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாவது நாள் பகல், சோறு ஆக்குகிற நேரத்தில், மலை இறங்கியது. லயத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போனது. நாங்கள் புதைத்த மூன்று கற்கள் இருந்த இடமே அடையாளம் தெரியாமல் போனது.

செய்தி கேட்டு அடுத்த நாள் போனேன். மாஸ்டர் புதுக் கேமராவை என் கையில் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மழை விட்டு இலேசாக வெளிச்சம் வந்திருந்தது. லெட்சுமி அக்கா எல்லோரையும் வெளியே கூட்டிவந்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் சேத்து ஒன்னு புடி பவானி. மொத்த லயமும் வரணும்."

வயசானவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, பிள்ளைகளை முன்னால் தரையில் விட்டு, மூன்று வரிசையாக நிறுத்தினோம். என்னை ஏசிய பெண் கைப்பிள்ளையோடு நடு வரிசையில் நின்றாள். எடுத்தேன். ஆட்கள் கலையப் போனார்கள். லெட்சுமி அக்கா, "இருங்க, யாரும் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து கேமராவின் சின்னத் திரையைக் காட்டச் சொன்னார்.

பெரிதாக்கிக் காட்டினேன். அவர் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொருவர் பேரையும் வாய்க்குள் சொன்னார். ஓரத்துக்கு வந்ததும் அடுத்த வரிசைக்கு நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். ரொம்ப நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பிள்ளை வரை வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றார்.